பத்துக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு

எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் வீட்டை விட்டுப் போவது மாப்பிள்ளைதான். மாமா போனபோது அவர் இடுப்பில் கட்டும் சறங்களும் சூட்கேசும் போயின. அதில் எனக்கு வருத்தமில்லை. காரும் போனது. காரோடு டைமிங் லைட்டும் போனது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாமா உம்மாவின் தம்பி. சவுதியில் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு எண்பதுகளின் நடுவில் கல்முனைக்குத் திரும்பியவர். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, கார்ப் பந்தயத்துக்கென்று அதன் எஞ்சினை மாற்றியமைத்துக்கொண்டிருந்தார். பெருநாள் பின்னேரங்களில் கடற்கரை ஈரமணலில் கார்கள் ஓடும். போன பெருநாளில் அட்டாளைச்சேனை ஊர்க் கார் ஒன்று அவரை முந்தியிருந்தது.

எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. அதன் முன்னால் இருக்கும் பற்சக்கரத்தைச் சற்றுத் திருப்பி வைத்தால் வால்வுகள் கொஞ்சம் முந்தித் திறக்கும். ஆனால் தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் அதே தண்டில்தான் சுழல்கிறது. ஆகவே சக்கரத்தைத் தொட்டால் தீப்பொறியின் நேரமும் நகர்ந்துவிடும். அதை மறுபடி சரிசெய்யாவிட்டால் எஞ்சின் உள்ளுக்குள் டக்டக்கென்று தட்டும். சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப, மற்றவர் விட்டுவிட்டு மின்னும் டைமிங் லைட்டைக் கீழே சுற்றும் புல்லியின் மேல் பிடிக்க வேண்டும். அந்த மின்னலில் புல்லியின் வெள்ளைக் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அது பக்கத்துத் தகட்டில் எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறதென்று படித்துச் சொல்ல வேண்டும். பத்தில் நின்றால் சரி. அந்த மற்றவர் நான்.

கோடும் நான் போட்டதுதான். மாமா சவுதியிலிருந்து உம்மாவுக்கு வெள்ளை நகப்பூச்சு கொண்டுவந்திருந்தார். நகத்தில் அது இருந்தால் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒழு செல்லாது என்று உம்மா மூடியைக்கூடத் திறக்கவில்லை. புல்லிக்குத் தொழுகை இல்லை.

மாமாவுக்கும் மாமிக்கும் கலியாணமான பிறகு அந்தப் போத்தலும் எங்கள் அலுமாரியில் இல்லை. பெருநாள் நெருங்கிய ஒரு நாள் தம்பி ஓடிவந்து சொன்னான்: "இப்ப மாமிதான் லைட் பிடிக்கிற."

"அவக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"உனக்கு என்னத்துக்குடி எரியிது?" என்றார் உம்மா.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம் மாமியின் வீட்டு வளவுக்குப் போனேன். கிடுகுக் கொட்டிலுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமி குனிந்து லைட்டைப் பிடித்திருந்தார். விரல் நுனிகளில் மருதோன்றி இன்னும் சிவப்பாக இருந்தது. மணிக்கட்டில் ஒயில் பட்டிருந்தது. விசிறியில் மாட்டாதபடி முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். என் பின்னலைச் சட்டைக்குள் செருகச் சொன்ன மாமாவின் வாய்தான் அவருக்கும் சொல்லியிருக்க வேண்டும். மாமா ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"வாங்க மருமகள். ஆளக் காணவே கிடைக்கிதில்ல," என்றார் மாமா.

லைட்டைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா டிஸ்ட்ரிபியூட்டரில் கையை வைத்தபடி, "எத்தினையில நிக்கிது?" என்று மாமியிடம் கேட்டார்.

மாமி புல்லியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கோடே தெரியிதில்ல. கண் கூசுது. மகள், நீங்க பாருங்களன்."

"இவ்வளவு நேரமும் தெரிஞ்சிச்சே?" என்றார் மாமா.

"தெரிஞ்ச மாதிரிச் சொன்னதுதான்."

லைட் என் கைக்கு வந்தது. அதன் பிடி மாமியின் கைச்சூட்டோடு இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டுப் பிடித்தேன்.

"பதினாறு!" என்று கத்தினேன். மாமா மெல்லத் திருப்பினார். "பதினாலு... பத்து! பத்து! நிப்பாட்டுங்க!"

தோளுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் மெதுவாக வந்தது: "வடிவாப் பாருங்க மகள். இன்னும் ரெண்டு கிடக்கு."

பார்த்தேன். பன்னிரண்டுதான். சொல்லவே மனமில்லாமல் சொன்னேன். மாமா இன்னும் மயிரளவு திருப்பினார். கோடு பத்துக்கு நேராக வந்து நின்றது. நட்டை இறுக்கிவிட்டு எஞ்சினை உறுமவிட்டுக் காதுகொடுத்தார். தட்டல் இல்லை.

"எண்ட மருமகள்ட கண்ணப் போல வருமா?" என்றார்.

"எங்க வாறது?" என்று சொல்லிக்கொண்டே மாமி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மாமிக்குக் கண் சரியில்லை. கோட்டைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை. பெருநாள் வரைக்கும் நான்தான் போக வேண்டும். போதாததற்கு, வேலை செய்யும்போது குறுக்கே கதைக்கிறார்: "இன்னும் ரெண்டு கிடக்காம்!"

உம்மா மீன் அரிவதை நிறுத்தினார்.

"நீ லைட் பிடிக்கக்குள்ள அவ எங்க நிண்டா?"

"எனக்குப் பின்னால."

உம்மா சிரித்தார். மாமியை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.