மதீனா பீவி பொருத்தம் கேட்டது

தாராவியில் மதீனா பீவியிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. தோல் கிடங்குக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் இடியாப்பமும் பாயாவும் விற்றுத்தான், புருஷன் மவுத்தான பிறகு ஒற்றை மகன் சலாவுதீனை ஆளாக்கினாள். இன்னொரு கரண்டி பாயா கேட்டவனுக்குப் பாயா கிடைக்கும். கூடவே அவன் பரம்பரைக்கும் ஏதாவது கிடைக்கும். வாய்தான் அப்படி, கை தாராளம்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்து, அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். டாக்டர் சலாவுதீனைத் தனியாக அழைத்து, இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அதை வீட்டிலேயே செய்யலாம் என்றார். மகன் முகத்தைப் பார்த்ததுமே மதீனா பீவிக்கு விளங்கிவிட்டது. தன் வயிற்றைப் பற்றித் தன்னை விட்டுவிட்டுப் பேசியதில்தான் அவளுக்குக் கோபம்.

"நம்ம வீட்டுக்கே, கோலிக்கே போவோம்ல," என்றாள்.

"அங்க என்னம்மா இருக்கு? வேற பெரிய டாக்டரப் பாப்போம்."

"இன்னொருக்க அறுக்கவா? ஒருத்தரு கைய விரிச்சாச்சு. இனி ஆஸ்பத்திரிச் சொவத்தப் பாத்துக்கிட்டு நான் கெடக்க மாட்டேன். எனக்கு என் வாசலப் பாக்கணும். மவுத்து அங்கன வந்தா போதும்."

கூட்டி வந்தான். ஆனால் மனசுக்குள், நாலு நாள் இருக்கட்டும், பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று வைத்திருந்தான்.

கட்டிலை வாசலை ஒட்டிப் போட்டு, தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் கொடுத்தார்கள். சலாவுதீன் தான் பை தைக்கிற ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரெக்ஸின் கொண்டுவந்து விரிப்புக்கு அடியில் போட்டான். மாதுங்காவிலிருந்து கம்பவுண்டர் நம்பிராஜன் வலிக்கு ஊசி போட வந்தார். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகுக்கு எப்படிப் பவுடர் போடுவது என்று மருமகள் ஆபிதாவுக்குச் செய்து காட்டினார்.

"பத்தியம் ஏதும் உண்டுமா?" என்று கேட்டாள் ஆபிதா.

"ஒண்ணும் கெடையாது தாயி. கேட்டதக் குடுங்க."

"இதச் சொல்லத்தான் இம்புட்டுப் படிச்சாவளா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. மதீனா பீவிக்கு வீடு வந்ததே பாதிச் சுகம்.

மறுநாளிலிருந்து அவள் பொருத்தம் கேட்க ஆரம்பித்தாள். வாசலைத் தாண்டுகிற ஒருவரையும் விடவில்லை. "ஏ செல்லப்பாண்டி, ஒன்ன நான் நெறைய ஏசியிருக்கேன். பொருந்திக்கிடுப்பா." தோல் கிடங்கில் வேலை பார்க்கிற செல்லப்பாண்டிக்கு வெலவெலத்துப் போயிற்று. அந்த வாயிலிருந்து மன்னிப்பா? என்ன விஷயம் என்று டீக்கடையில் விசாரித்தான். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கப்பலேறும் முன் இப்படி எல்லோரிடமும் பொருத்தம் கேட்பார்கள் என்று அங்கே யாரோ விளக்கினார்கள்.

பிறகென்ன, மதீனா பீவி மக்காவுக்குப் போகிறாள் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஒருத்தி ஸம்ஸம் தண்ணீருக்கு பாட்டிலோடு வந்தாள். ஒருவர் மகள் நிக்காஹுக்கு அங்கே துஆ கேட்கச் சொன்னார். குழாயடிச் சண்டையில் வருஷக்கணக்காகப் பேச்சை நிறுத்தியிருந்த நூர் நிஷாவே ஒரு கம்பளியோடு வந்து நின்றாள்.

"லாத்தா, கப்பல்ல குளுந்த காத்து அடிக்குமாம். இத வச்சுக்கிடுங்க."

மதீனா பீவி தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "கப்பல் அம்புட்டுத் தூரம் போவாது நூரு. நான் போறது அதுக்கும் அங்கிட்டு."

நூர் நிஷாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"அழு. ஆனா கம்பளியத் திருப்பிக் கொண்டுபோயிராத. ராத்திரி குளுருது," என்றாள் மதீனா பீவி. அன்றிலிருந்து நூர் நிஷா குழாயில் பிடிக்கிற முதல் குடம் மதீனா பீவி வீட்டுக்கு வந்தது.

ஊரே பொருந்திக்கொண்டது. மகன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. கேட்டால், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினான்.

"தான் பொருந்தலன்னா நீங்க போவ மாட்டீயன்னு நெனைக்காவ மாமி," என்றாள் ஆபிதா. அதைக் கேட்ட பிறகு மதீனா பீவிக்கு அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

ஒருநாள் சலாவுதீன் தெருமுனையில் டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது என்றான். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் செய்து வந்திருந்தான். அவளோ, "தூக்குல," என்றாள்.

தூக்கினான். ஒரு காலத்தில் அரிசி மூட்டையைத் தனியாக நகர்த்திய உடம்பு, அவன் கையில் கனமே தெரியவில்லை. வாசலில் அப்படியே நின்றுவிட்டான். அவள் அவன் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"ஒன்ன ஏசுனதுக்கு அடிச்சதுக்கெல்லாம் நான் பொருத்தம் கேக்கலல. அதெல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஒன்னய விட்டுட்டுப் போறேம்லா, அதுக்குத்தான் கேக்கேன்."

சலாவுதீன் அவளைக் கட்டிலிலேயே படுக்க வைத்தான். வெளியே போய் டாக்ஸியை அனுப்பிவிட்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான். கம்பளியை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டான்.

"பொருந்திக்கிட்டேம்மா," என்றான் ஒருவழியாக.

"சத்தமாச் சொல்லுல," என்றாள் மதீனா பீவி. "முணுமுணுக்கதுக்கா ஒன்னய வளத்தேன்?"

சத்தமாகவே சொன்னான்.