மூன்று விரல் சாம்பல்

எங்கள் கீழ்வீட்டுத் தில்லைநாதன் மாமா ஒஸ்லோவில் முப்பது வருடமாக பஸ் ஓட்டுகிறார். வாழ்க்கையில் ஒரு சுருட்டும் பிடித்ததில்லை. பிடித்தது அவருடைய அக்கா, கனகம்மா அன்ரி. தாயில்லாத மாமாவை வளர்த்ததும் அவர்தான். பின்னேரமானால் பால்கனியில் கதிரை போட்டுப் புகை விடுவார். பக்கத்து வீட்டு நோர்வேக்காரி குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதுவாள். அன்ரி அதற்கும் சிரிப்பார்.

போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்ரி ஒரேயொரு சுருட்டுக் கேட்டார். மாமா அவசரத்தில் கையில் அகப்பட்ட மலிவானதை வாங்கி வந்தார். ஒரு இழுப்பு.

"எடேய், இது சுருட்டில்லை. காய்ஞ்ச வைக்கல்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் காலையில் எழும்பவில்லை. அந்த ஒரு சொல் மாமாவைத் தூங்கவிடவில்லை.

அதனால் முதல் திவசத்துக்கு ஒரு மாதம் முன்னரே மாமா சுருட்டுப் படிக்கத் தொடங்கினார். பஸ் லைசென்சுக்குக்கூட அப்படிப் படித்திருக்கமாட்டார். விரலால் மெல்ல அமத்தினால் முழுக்க ஒரே மெதுமை இருக்கவேண்டும். கட்டியும் ஆகாது, பொந்தும் ஆகாது. மேலிலையில் நரம்பு தடிக்காமல், எண்ணெய் பூசியதுபோல் லேசாக மினுங்கவேண்டும். சரசரத்தால் காய்ந்தது. மிச்சம் பற்றவைத்த பிறகுதான் தெரியும்: நல்லது சீராக எரியும், சாம்பல் உதிராமல் நிற்கும்.

"ஆனா ஆரும் இழுக்காட்டி அஞ்சு நிமிசத்திலை நெருப்பு நூந்துபோம், பிள்ளை," என்றார் மாமா. அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திவசத்தன்று, அன்ரியின் படத்துக்கு முன்னால் சோறு கறியோடு, தேடித் தேடி வாங்கிய நல்ல சுருட்டொன்றையும் பற்றவைத்துத் தட்டில் வைத்தார். படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடவேண்டுமாம். நான் வெளியே போகவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தேன். நாலு இழுப்பு இழுத்துச் சாம்பலை வளர்த்துவிட்டால், அக்காதான் பிடித்தாரென்று மாமா நிம்மதியாக நித்திரை கொள்வார். அவ்வளவுதான் திட்டம்.

பட்டப்பகல். ஜன்னல்கள் பூட்டியிருந்தன. சுருட்டின் முனை மங்கிக்கொண்டு வந்தது. அணையப்போகிறதென்று காலை எடுத்து வைத்தேன். முனை சிவந்தது. மங்கியது. திரும்பச் சிவந்தது. யாரோ அவசரமில்லாமல் இழுக்கிற மாதிரி. புகை மேலே போகாமல், கதிரையில் இருக்கும் ஆளின் வாய் உயரத்தில் நின்று, பிறகு கலைந்தது.

நான் திரைக்குள்ளேயே திரும்பிப் போனேன்.

கதவு திறந்தது. "ஐயோ, சாம்பலைப் பாருங்கோ, மூண்டு விரல் நீளம்!" என்று அம்மா கத்தினார். மாமாவின் கண் சாம்பலில் நிற்கவில்லை. திரைக்குக் கீழே தெரிந்த என் காலில் நின்றது.

"வினோஜா, வெளியிலை வா."

வந்தேன்.

"உன்ரை விளையாட்டோ?" குரலில் கோபமில்லை. அதுதான் கொடுமை.

"சத்தியமா இல்லை மாமா. இழுக்கத்தான் வந்தனான். ஆனா இழுக்கேல்லை."

"ஓம், ஓம். போன கிழமை லிஃப்டிலை 'பேய் நிக்குது' எண்டு எழுதி ஒட்டினதும் இவள்தான்," என்றார் அம்மா.

மாமா என் முன்னால் குனிந்தார். "ஊது, பிள்ளை."

ஊதினேன். பபிள்கம் வாசம் மட்டும்.

மாமா நிமிர்ந்தார். பிறகு போய்ச் சுருட்டை மெதுவாகத் தூக்கினார். வாயில் வைக்கும் நுனி ஈரமாக இருந்தது. அம்மாவும் பார்த்தார்.

"அப்ப இது சுருட்டுத்தான், என்னக்கா?" என்று அன்ரியின் படத்தைப் பார்த்துக் கேட்டார் மாமா.

அப்போதுதான் சாம்பல், ஒரே துண்டாக, தட்டில் விழுந்தது.