களத்துச் சாவி

வேதவல்லி இறந்ததை என்னிடம் சாவி கேட்டுத்தான் சொன்னார்கள். "சார், அம்மா பூட்டாங்க. கொஞ்ச நேரம் களத்துல வெச்சிட்டு எடுத்துக்கினு போலாம்னு கீறோம். சாவி எங்க கீது?" என்றார் போனில் கன்னியம்மாள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நான் சென்னையில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன்.

உத்திரமேரூர்ப் பக்கம் அந்தப் பழைய அரிசி ஆலையின் நெல் களத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் வயல்வெளிகளில் புதைகுழிகளைச் சுற்றி ஆதிகாலத்தார் நட்ட கல்வட்டங்களைப் போல, துருப்பிடித்த கொதிகலன் துண்டுகளையும் உருளைகளையும் பாறைகளையும் களத்தைச் சுற்றி நட்டு, அந்த இடத்தையே சிற்பமாக்கினார் வேதவல்லி. கன்னியம்மாளும் ஊர்க்கோடிப் பெண்களும்தான் கூட நின்று குழி வெட்டினார்கள். நடுவில் ஒரு சிலையாவது வைக்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். யோசனை சொல்வதில் நான் குறை வைப்பதில்லை. "நடுவுல இவங்க நெல்லு காயும் சார். அதுவும் சேந்தாதான் இது முடியும்" என்றார்.

அறுவடை வந்ததும் நெல் காய்ந்தது. கோழிகள் மேய்ந்தன, கொதிகலன் மேல் புடவை உலர்ந்தது. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பராமரிப்புக் குழுவின் செயலாளர் நான். கம்பிவேலி போட்டு, கதவு வைத்துப் பூட்டினேன். நெல் மறுபடி பஸ் போகும் ரோட்டுக்குப் போயிற்று. வேதவல்லியிடம் ஒரு சாவியை நீட்டினேன். "அவங்களுக்கும் ஒண்ணு குடுங்க சார், அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார். பார்க்கலாம் என்றேன். பார்க்கவே இல்லை.

அவர் இறந்த அன்று நான் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, வேலிக்கு வெளியே ரோட்டோரம் உடலைச் சற்று நேரம் இறக்கி வைத்து, கம்பியில் ஒரு மாலையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பூட்டை உடைத்திருக்கலாமே என்று கன்னியம்மாளிடம் கேட்டேன். "நீங்க போட்ட பூட்டு சார், நாங்க எப்டி கை வெக்கிறது?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் அவர் கலையை நான் புகழ்ந்து பேசியதைக் கேட்டீர்கள். இதை அங்கே நான் சொல்லவில்லை. இப்போது பூட்டைக் கழற்றிவிட்டேன். கதவு திறந்தே கிடக்கிறது. நேற்று கன்னியம்மாள் கூலி நெல்லைத் தலையில் சுமந்து வந்து, திறந்த கதவுக்கு வெளியிலேயே நின்று, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டார். வேதவல்லியின் ஞாபகமாக என்னிடம் இருப்பவை அவர் வாங்க மறுத்த சாவியும் இந்தக் கேள்வியும்தான்.