பெரியம்மாவின் கஞ்சியில் உப்பு

பள்ளிக்கூடம் கிளம்பிய எனக்குத் தலை பின்னி முடித்த பெரியம்மா, சற்று நேரத்தில் மறுபடியும் சீப்புடன் வந்து நின்றார்.

"வா சாமி, தல பின்னி உடறேன்."

"இப்பத்தானுங்க பெரியம்மா பின்னுனீங்க."

அவர் என் சடையைத் தொட்டுப் பார்த்துத் திகைத்தார். பக்கத்தில் தூக்க மருந்துச் சீசா. அந்தக் கணத்தில் எனக்குப் பளிச்சென்று பட்டது: வீட்டில் எல்லாரும் சொல்வதுபோல் பெரியம்மாவின் மறதி சாமி குத்தமில்லை, சீசா குத்தம்.

எப்போதோ ஒரு வைத்தியர் ஒரு மாதத்துக்கென்று எழுதித் தந்த மருந்து அது. காலிச் சீசாவைக் கொடுத்தனுப்பினால் கம்பவுண்டர் நிரப்பித் தந்துவிடுவார். சீசாவில் ஒட்டிய காகிதப் பட்டையில் வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஒரு வெட்டு உண்டு. பெரியம்மா அந்த வெட்டுகளைப் பார்த்துக் குடிப்பதை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

ஆனால் எட்டு வயதுப் பெண்ணின் ஞானத்தைப் பரமத்தி வேலூரில் யார் கேட்பார்கள்? படிப்பதற்காகத்தான் நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். மல்லசமுத்திரத்திலிருந்து பெரியம்மாவின் அப்பா, என் தாத்தா வந்தார். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு பெரியம்மா உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்றார். அப்படியும் குணமாகாவிட்டால் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஊருக்கு அழைத்துப் போய்விடுவாராம்.

விரதம் தொடங்கியபின் மறதி இன்னும் முற்றியது. ஒரு நாள் பெரியம்மா என்னையே அன்பாக விசாரித்தார்: "நீ ஆரூட்டுப் புள்ள சாமி?"

நான் சீசாவைக் காட்டி அழுத அழுகையில் பெரியப்பா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுவதைப் பாதியில் விட்டு வந்து, சீசாவோடு எங்கள் இருவரையும் நாமக்கல் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனார். டாக்டர் சீசாவை முகர்ந்தார். சாப்பாடு என்னவென்று கேட்டார். உப்பில்லா விரதம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மருந்தைத் தாம் சொல்கிறபடி குறைக்க வேண்டும், உப்பை இன்றே சேர்க்க வேண்டும் என்றார்.

வேண்டுதலை முறிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மாமனாரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிற பெரியப்பா, தாத்தா பார்த்துக்கொண்டிருக்கவே கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கினார்.

"ஏனுங்க மாப்ள, சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"என்னையக் கோவிச்சுக்கட்டுங்க மாமா. இவளுக்கு நெனப்பு வந்தாப் போதும்."

வந்தது, மெல்ல மெல்ல. முதலில் என் பெயர் வந்தது. நான் ஊருக்குப் போகவில்லை. இன்று கல்லூரியில் ரசாயனம் படிப்பது அந்த உப்பின் புண்ணியத்தால்தான். அந்த மருந்திலிருந்த புரோமைடு, உப்புக் குறைந்த உடம்பை விட்டு லேசில் வெளியேறாது என்று போன மாதம் பாடத்தில் வந்தபோது, என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் சீசாவைக் கண்டுபிடித்த பெருமையில் அந்தச் சிறுமிக்கு ஒன்று விளங்கவில்லை. மருந்து போனபிறகும் பெரியம்மா பல இரவுகள் விழித்தேதான் கிடந்தார். முதன்முதலில் அவர் தூக்கத்தைக் கெடுத்தது எது? தாத்தா கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த லீவுக்குப் போனதும் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்கப் போகிறேன்.