வெள்ளைக்காரன் விட்டுப்போன தொப்பிகள்

வெள்ளைக்காரன் கப்பலேறிய வருஷம் நான் நாகர்கோவிலில் தொப்பிக்கடை திறந்தேன். அதுதான் தவறு. மீதியெல்லாம் அந்தத் தவறு பெற்ற பிள்ளைகுட்டிகள்.

தொப்பி வியாபாரத்துக்கு முதல் தேவை தலை. ஊரில் தலைகள் நிறைய இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். இனி நம்மாள்தான் துரை, துரை என்றால் தொப்பி வேண்டும் என்று நினைத்தேன். கொச்சியில் ஒரு வெள்ளைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு சீமைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அவர் மிச்சம் வைத்திருந்ததை இரண்டு பெரிய மரப்பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தேன். கம்பளித் தொப்பி, வெயில் தொப்பி, கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. விற்கிறவன் ஏன் விற்கிறான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன் மைத்துனனுடைய கயிற்றுக் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், சரக்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி. என்னைவிட ஏழு வயது இளையவன். பத்துப் பேர் முன்னால் ‘அத்தான்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதையில்லாமல் வேலை சொல்வான். ஒருநாள் பொறுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். கடை நின்றுபோனால் எனக்குப் போக்கிடம் திரும்பவும் அந்தக் கிட்டங்கிதான். அது அவனுக்கும் தெரியும். மாசத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பான். பெட்டிகள் அப்படியே இருக்கும். வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வான்: “அத்தான், ஒங்க எடத்துல இன்னும் ஆரையும் வைக்கல்ல, கேட்டேளா.”

கடை வைத்து ஈ ஓட்டியவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும்.

என் தலையே விளம்பரம்

விற்கிறவன் போடாத சரக்கை எவன் வாங்குவான்? நானே தினமும் போடுவது என்று தீர்மானித்தேன். கண்ணாடி முன்னால் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றேன். வெயில் தொப்பி போட்டால் காளான். கிண்ணத் தொப்பி போட்டால் கவிழ்த்த பானை. நீள முகத்துக்கு உயரமான தொப்பி ஆகாது. குண்டு முகத்துக்குக் குறுகிய விளிம்பு ஆகாது. எனக்கு இரண்டு முகமும் பாதிப் பாதி. கடைசியில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி ஒன்று, மூன்று விரல் அகல விளிம்பு, பரவாயில்லை என்று பட்டது. வேட்டி, சட்டை, மேலே அது.

தினமும் காலையில் வடசேரியிலிருந்து கோட்டாறு வரை நடப்பேன். நான் வருவதைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டிகள் இறங்கும். அரிசிக்கடைக்காரர் ஒருவர் பாதிக் கதவை அடைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஏதோ வரி ஆபீசர், ஜப்தி செய்ய வருகிறான் என்று நினைப்பு. யாரும் என்னிடம் வந்து தொப்பி என்ன விலை என்று கேட்கவில்லை. அடுத்த கடை துணி வியாபாரி ஆறுமுகம் பிள்ளை ஒரு மாசம் பார்த்தார். பிறகு என் கடை வாசலில் வந்து நின்றார். “வே, நீரு அந்தச் சவத்தப் போட்டுட்டு நடந்தா ஒமக்கும் யாவாரம் இல்ல, எனக்கும் யாவாரம் இல்ல.”

எண்ணெய்

முதல் தொப்பியை வாங்கியவர் இரணியல் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். நல்ல மனிதர். பேரம் பேசவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நாற்பது நாள் கழித்துத் தொப்பியைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தார். உள்பட்டை தேங்காயெண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. எண்ணெய் வெளியே கசிந்து தொப்பியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. ஆணியில் மாட்டி வைத்ததில் எலி வந்து, எண்ணெய் ஊறின இடத்தை மட்டும் பார்த்துத் தின்றிருந்தது. வெள்ளைக்காரன் எண்ணெய் தேய்க்கமாட்டான், அவன் தலைக்குச் செய்த சரக்கு, நீங்களும் எண்ணெயை விட்டுவிடுங்கள் என்றேன். வாத்தியார் கோபப்படவில்லை. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னார்: “எண்ணெ எங்க அம்ம நான் பிறந்தண்ணைக்கு வச்சது. தொப்பி நீரு போன மாசம் வச்சது. எத விடணும்னு நீரே சொல்லும்.”

இரண்டு கை போதாது

ஆரல்வாய்மொழிக்காரர் ஒருவர். நெல் வியாபாரம். ஆனி மாசம் வந்து வாங்கினார். அந்தக் கணவாய்க் காற்றைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பதிலாக அவருக்குப் பாடம் நடத்தினேன். காற்று வருகிற பக்கம் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விடுங்கள், அசையாது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வியாபாரி என்றால் எதையாவது சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் வந்தார். தொப்பி இல்லை. முழங்காலில் முள் கீறின காயம். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு எட்டு வைத்தாராம். தொப்பி உடைமரக்காட்டைத் தாண்டிக் குளத்தில் போய் உட்கார்ந்ததாம். விரட்டிக்கொண்டு ஓடியதை ஒரு பஸ் முழுக்கப் பார்த்ததாம். நீங்கள் கையால் பிடித்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “தொப்பியப் பிடிச்சா வேட்டி போவுது. வேட்டியப் பிடிச்சா தொப்பி போவுது. ரெண்டு கைதானவே சாமி தந்திருக்கான்.”

கழற்றுகிற இடங்கள்

தக்கலைப் பக்கத்துக் கிராம அதிகாரி ஒருவர் வெயில் தொப்பி வாங்கிப் போனார். பதவிக்கு ஏற்ற தொப்பி. தலைக்கு நாடா வைத்து மூன்று தரம் அளந்து, உள்ளே காகிதம் மடித்து வைத்து, இம்மி பிசகாமல் பொருத்திக் கொடுத்தேன். அப்படி ஒரு பொருத்தம் எனக்கு அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை.

பதினைந்து நாளில் திரும்பி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. விரல் மடக்கிச் சொன்னார். தாசில்தார் முன்னால் கழற்ற வேண்டும். கோர்ட்டில் கழற்ற வேண்டும். கோவிலில் சட்டையோடு சேர்த்துக் கழற்ற வேண்டும். கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார், சர்ச்சிலும் கழற்றச் சொன்னார்கள். மாமனார் எதிரே வந்தார், கழற்றினார். இழவு வீட்டில் யாரும் சொல்லாமலே கழற்றினார். வீட்டுக்குள் போடக்கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒரு கையில் தொப்பி, மற்றக் கையில் விரல் தீர்ந்துவிட்டது. தொப்பியை மேசையில் வைத்தார். “கையில பிடிச்சிட்டுத் திரியதுக்கு எதுக்குவே தலைய அளந்தீரு?”

குருவிக்கு ஒன்று

மூன்றாம் வருஷம். பூதப்பாண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து கம்பளித் தொப்பி இரண்டு கேட்டார். ஒரே ஆள் இரண்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அளவு எடுக்க நாடாவை எடுத்தேன். அளவெல்லாம் வேண்டாம், வைக்கோல் பொம்மைக்குத்தான் என்றார். வயலில் குருவித் தொல்லையாம். கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கதிர் முற்றுகிற நேரத்தில் தொப்பிகளைக் கொண்டுவந்து போட்டார். அடையாளம் தெரியாமல் எச்சம். குருவி பயப்படவில்லையா என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “குருவி நல்லா வருது. துரை நிக்கான்னு வேலைக்காரந்தான் வரமாட்டேங்கான்.”

கட்டினதும் வாங்கினதும்

ஒருவர் வந்ததை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். அய்யாவழிக்காரர். அறுபது வயசிருக்கும். கருப்பட்டி வியாபாரம். வெள்ளைத் தலைப்பாகை கட்டியிருந்தார். அவர்கள் தங்கள் கோவிலான பதிக்குக் கும்பிடப் போனால் தலைப்பாகையோடுதான் போவார்கள், தெரிந்திருக்கும். அவர் பாட்டன் காலத்தில் அவர்கள் சாதிக்காரன் தலையில் துணி கட்டினால் அடி விழும். அந்தத் துணியைக் கட்டித்தான் கும்பிட வேண்டும் என்று வந்த வழி அது.

எனக்கு வியாபாரப் புத்தி. எப்போதும் தலையை மூடுகிற கூட்டம், தொப்பிக்கு இதைவிடப் பொருத்தமான தலை ஏது என்று பேச ஆரம்பித்தேன். வெயில் தொப்பியின் கனமின்மையைச் சொன்னேன். தினமும் சுற்றிக் கட்டுகிற வேலை மிச்சம் என்றும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். “நல்ல சாதனந்தான் பிள்ளே. ஆனா எங்க பாட்டன் அடி வாங்கினது கட்டினதுக்குல்லா. இது காசுக்கு வாங்கினதால்லா இருக்கும்.”

அன்று மதியமே கடையை அடைத்துவிட்டேன்.

ஏழாம் வருஷம்

முதல் பெட்டி பாதிதான் குறைந்திருந்தது. அதிலும் திரும்பி வந்தவை உண்டு. இரண்டாவது பெட்டியின் ஆணியை நான் பிடுங்கவே இல்லை. மழைக்காலத்தில் கம்பளி பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயப்போட்டால் வருகிறவன் எல்லாம் ‘வடாமா?’ என்பான். எனக்கு உச்சியில் முடி கொட்டிவிட்டது. தொப்பி சூடு என்றார் வைத்தியர். தொப்பியை எடுத்தால் வழுக்கை தெரியும். போட்டுக்கொண்டால் வழுக்கை வளரும். இந்த வியாபாரத்தில் என் சரக்கு தேவைப்பட்ட ஒரே தலை என்னுடையது.

பங்குனி கடைசியில் மைத்துனன் வந்தான். இந்தத் தடவை எட்டிப் பார்க்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தான். சித்திரை ஒண்ணாம் தேதி நல்ல நாள், வந்துவிடுங்கள் என்றான். சரி என்றுதான் சொன்னேன். வீட்டில் சொன்னபோது மனைவி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு அவன் தம்பி, நான் புருஷன். யார் பக்கமும் பேச முடியாது. அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: “அங்க போவும்போது தொப்பிய இங்க கழத்தி வச்சிட்டுப் போங்க. அவன் முன்னால கழத்தாண்டாம்.”

ஒரு மணிக்கூர்

சித்திரை பிறக்க நாலு நாள் இருந்தது. கடையில் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கோட்டாறு சலூன்காரர் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். முன்பின் பேசினது கிடையாது. “அண்ணாச்சி, ஒரு தொப்பி வேணும். மாப்பிள்ளைக்கு. முகூர்த்தத்துக்கு ஒரு மணிக்கூர்தான் இருக்கு” என்றார்.

விஷயம் இது. தோவாளைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். குடுமிக்காரன். பெண் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். குடுமியோடு வந்தால் கழுத்தை நீட்டமாட்டேன் என்று அன்று காலையில் சொல்லியனுப்பிவிட்டாள். கோட்டாற்றுக் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைச் சவரம் நடக்கும்போதே மாமன் குடுமியை வெட்டச் சொல்லிவிட்டார். வெட்டியாயிற்று. குடுமிக்காரனுக்கு முன்தலை எப்போதும் மழித்திருக்கும். அது அன்றைக்கும் பளபள என்று இருந்தது. பின்தலையில் மட்டும் கொத்தாக முடி. அதையும் மழித்தால் இழவு வீட்டுத் தலை ஆகிவிடும். அறுத்த வயலும் அறுக்காத வயலும் ஒரே வரப்பில். பையன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழுகிறானாம், ஊர்வலத்துக்குக் கார் வந்து நிற்கிறதாம்.

நான் நாடாவைத் தேடினேன். “நாடா வேண்டாம் அண்ணாச்சி. அந்தத் தலைய எனக்கு இருவது வருசமாத் தெரியும்” என்றார். அடுக்கில் கைவிட்டு ஒரு தொப்பியை எடுத்து உள்ளே முஷ்டியை நுழைத்துப் பார்த்தார். வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதோடு சைக்கிளில் ஏறிவிட்டார். அச்சுப்போலப் பொருந்தியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

முன்தலையில் முடி வளர்ந்து மட்டமாக நாலு மாசம் ஆகும். கல்யாணமான நாலு மாசமும் விருந்து. சித்தப்பா வீடு, மாமா வீடு, பெண்ணின் அக்காள் வீடு. பையன் எல்லா வீட்டுக்கும் தொப்பியோடு போனான். நாலு மாசம் தினமும் போட்டவனுக்குக் கழற்றினால் தலை காலியாகத் தெரியுமே, முடி வளர்ந்த பிறகும் அவன் விடவில்லை. அவனைப் பார்த்து இன்னொரு வீட்டில் பெண் குடுமியை எடுக்கச் சொன்னாள். பிறகு கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு இதே கதை. அந்தத் தலைகளும் சலூன்காரருக்குத் தெரியும். அவர் காலையிலேயே அளவு சொல்லி ஆள் அனுப்பிவிடுவார், நான் எடுத்து வைத்துவிடுவேன். ஆவணியில் இரண்டாவது பெட்டியின் ஆணியைப் பிடுங்கினேன். சித்திரை ஒண்ணாம் தேதி கிட்டங்கிக்குப் போவதை அந்த ஒரு தொப்பியை நம்பித் தள்ளிவைத்தவன், பிறகு போகவே இல்லை. மைத்துனன் ஐப்பசியில் ஒருநாள் வந்தான். வெறும் பெட்டியைப் பார்த்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனான்.

சலூன்காரருக்கு நன்றி சொல்லப் போனேன். வாடிக்கைக்காரர் ஒருவரின் கழுத்தில் கத்தியை வைத்தபடியே திரும்பினார். “நீங்க தொப்பிக்குத் தலை தேடினிய. நான் தொப்பியில்லாம தெருவுல எறங்க முடியாத தலைய உண்டாக்கினேன், அம்பிடுதான்.”

சுதந்திரமும் என் வாய்ச்சாலமும் ஏழு வருஷமாக நகர்த்த முடியாத ஒன்றரைப் பெட்டித் தொப்பிகளை ஒரு கத்தரிக்கோல் ஆறு மாசத்தில் விற்றுக் கொடுத்தது, அதைப் பிடித்திருந்த ஆளின் பெயர் பொன்னையன்.