தெபோராளின் சாடை ஜெபம்

ஒடிசா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் தெபோராளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த மலைப்பக்கத்து ஊர்ப் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். கடலோர மண்டபம் ஊரில், நண்டு உடைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. கை நண்டுச் சதையைப் பிரித்துக்கொண்டிருக்க, உதடு அந்த ஊர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும். சபையிலிருந்து மிஷனெரியாகப் போன ஆரோன் ஐயாவின் குடும்பத்தைத் தாங்குகிற ஜெபக்குழுவுக்கு ஆரம்பம் முதல் அவள்தான் தலைவி. புயல் கூண்டு ஏற்றிய நாளில்கூட ஒற்றை ஆளாக வந்து முழங்கால் போட்டவள். அதைக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லாமலும் விட்டதில்லை.

நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான் மாதிரி அந்தக் குழுவுக்குள் வந்தவள் யுவராணி. கம்பெனியில் எதிர் மேசைக்காரி. உப்பூர்ப் பக்கம் பிறந்தவள், ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எழுப்புதல், அறுவடை, அடைபட்ட வாசல்கள் என்று தெபோராள் கடல் இரைகிற மாதிரி ஜெபித்து முடித்தால், அடுத்து யுவராணியின் குரல் வரும். “அப்பா, அந்த மலையூர்ப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடணும். ஆமென்.” அவ்வளவுதான் அவள் ஜெபம். தெபோராளுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரத்தில் வற்றியது. ஐயாவின் மனைவி, மிஷனெரி அம்மா மட்டும் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள், சனிக்கிழமை நம் குழுவுக்கு வந்துவிட்டு, ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வார்கள் என்று போதகர் அறிவித்தார். சனிக்கிழமைச் சாப்பாடு யார் வீட்டில் என்று தெபோராள் கேட்கவே இல்லை. கேட்பானேன்? சுவருக்கு வெள்ளையடித்தாள். நல்ல பாறை மீனாக எடுத்து வைக்க மீன்காரியிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை போதகர் சாவதானமாகச் சொன்னார், “அம்மா யுவராணி வீட்டுலதான் சாப்பிடுதாகளாம். அவுகளே போன்ல சொல்லிட்டாக.”

தெபோராள் முகத்தில் ஈயாடவில்லை. உபவாசம் இருந்த வயிறு என்னுடையது, விருந்து அவளுக்கா? அன்று மேசையில் அவள் உடைத்த நண்டில் சதையும் ஓடும் சேர்ந்தே வந்தது. எதிரே யுவராணி யாரிடமோ நல்ல பச்சரிசி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

நம்முடைய சபைகளில் சண்டை போட ஒரு பத்திரமான வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வதுபோல் அடுத்தவளைக் குத்தலாம். ஜெபத்துக்கு நடுவே யாரும் பதில் பேச முடியாது. சனிக்கிழமை மிஷனெரி அம்மா வந்து பாயில் உட்கார்ந்ததும், ஆரம்ப ஜெபத்திலேயே தெபோராள் வேலையைக் காட்டினாள். “ஆண்டவரே, பேருக்காகவும் புகழுக்காகவும் உம்முடைய ஊழியக்காரருக்கு விருந்து வைக்கிறவர்களின் இருதயத்தை நீரே ஆராய்ந்து பாரும்!”

யாரோ இருமினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக “ஆமென்” சொன்னவள் யுவராணி. அவளுக்குப் புரிந்ததா புரியவில்லையா என்று தெரியாமல் தெபோராளுக்கு இன்னும் எரிந்தது.

பிறகு மிஷனெரி அம்மா பேச ஆரம்பித்தார். மெலிந்திருந்தார். “அங்க நடக்குற ஊழியத்தப் பத்தி நாளைக்குச் சொல்றேன். இன்னைக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லட்டுமா? போன மாசம் எனக்குக் கரு கலைஞ்சுபோச்சு. அவரு மலை மேல ஒரு ஊருக்குப் போயிருந்தாரு. பக்கத்துல யாருமில்ல. யுவராணி அக்கா எப்பவும்போல போன் பண்ணாங்க. ‘இன்னைக்கு உங்களுக்கு என்ன வேணும்மா?’ன்னு கேட்டாங்க. அழுதுட்டேன். அவங்களும் லைன்லயே அழுதாங்க.” சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு எல்லார் முன்னாடியும் நிக்கணும். தைரியமே வரல. எனக்காக ஜெபிங்க.”

தெபோராளும் போன் செய்திருக்கிறாள். ஐயாவிடம் பேசியிருக்கிறாள். இந்த மாதம் எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள் என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாளே, அவளிடம் போனைக் கொடுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தலையில் கைவைத்து ஜெபிப்பது தலைவியின் உரிமை. எல்லோரும் தெபோராளைப் பார்த்தார்கள். இதையாவது விட்டுவைத்தார்களே என்று அவள் எழுந்து போய்க் கை வைத்தாள். கைக்குக் கீழே அந்தத் தலை நடுங்கியது.

“பரலோகப் பிதாவே, உம்முடைய பிள்ளையாகிய…”

நின்றுவிட்டாள். இத்தனை வருஷமும் ‘ஆரோன் ஐயாவையும் அவர் குடும்பத்தையும்’ என்றுதான் ஜெபித்திருக்கிறாள். இவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. மலையிலிருக்கிற ஊர்களெல்லாம் வாயில் வருகின்றன, இது வரவில்லை. பாயில் இருந்தவர்கள் அசைய ஆரம்பித்தார்கள். தெபோராள் கண்ணைத் திறந்தாள். பக்கத்திலேயே யுவராணி முழங்காலில் இருந்தாள். வேறு வழியில்லாமல் அவள் காதருகே குனிந்தாள்.

“ஏத்தா, இவுக பேரு என்னா?”

யுவராணி கண்ணைத் திறக்கவில்லை. தெபோராளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி உதட்டை அசைத்தாள். “ஜெனிட்டா, அக்கா.”

சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சபையே சிரித்திருக்கும். தெபோராளாக இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள், அது அவளுக்கே தெரியும். பாதகத்தி, இதிலும் என்னை முந்திவிட்டாளே என்று வயிறு பற்றியெரிய, தெபோராள் ஜெனிட்டாவின் பெயரைச் சொல்லி முதல்முறையாக ஜெபிக்க ஆரம்பித்தாள்.