மடி வைத்த கோல் வலை

நெட்டுக்குப்பம் செங்கொடி எட்டாவது படிக்கிறாள். வகுப்பு அணியின் கோல்கீப்பர். செய்முறை வேலையாக, கோல் போஸ்டுக்கு வலை பின்னி வரச் சொன்னார் விளையாட்டு ஆசிரியர். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பின்னினாள். வீட்டு மீன்வலைகளில் இருப்பதுபோலவே பின்பக்கம் ஒரு மடியும் வைத்தாள். உள்ளே போன மீன் திரும்பாதபடி வாய் குறுகிய பை அது.

திங்கட்கிழமை விழுந்த முதல் கோலே மடிக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஆறு பேர் இழுத்தும் பந்து வரவில்லை. ஆட்டம் நின்றுபோனது.

"என்னம்மா பின்னி வச்சிருக்க? யாராவது கத்தரிக்கோல் கொண்டாங்கடா!" என்று கத்தினார் ஆசிரியர்.

செங்கொடி மடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். இதில் என்ன தப்பு?

"நீங்க வலை கேட்டீங்க, பின்னிகினு வந்தேன். உள்ள வுழுந்தது வெளிய வந்துட்டா அது இன்னா வலை சார்?"